அதிராத கன்ட்ரோலரும் வீணாய்ப் போன மூன்று வாரமும்

அக்கா பையன் விடுமுறைக்கு வந்திருந்தான். தொடுதிரையைத் தவிர வேறு விளையாட்டு அறியாத பிள்ளை. நம் காலத்துச் சங்கதி ஒன்றைக் காட்டி அசத்திவிடலாம் என்று பரணிலிருந்து என் பழைய பிளேஸ்டேஷனை இறக்கினேன். படிக்கிற காலத்தில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய முதல் மாடல், சாம்பல் நிறப் பெட்டி. 1998-இல் வந்த மெட்டல் கியர் சாலிட் கேமில் சைக்கோ மாண்டிஸ் என்று ஒரு வில்லன் வருவான். மனசாலேயே பொருட்களை நகர்த்துவேன் என்று பீற்றிக்கொண்டு, ஆடுகிறவரையே பார்த்து கன்ட்ரோலரைத் தரையில் வைக்கச் சொல்வான். வைத்தால் அது தானாக நகரும். உள்ளே இருக்கும் மோட்டார் அதிர்வதால்தான் நகர்கிறது என்று தெரிந்தும் அந்த வயதில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மெமரி கார்டில் அந்த இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் நான் சேமித்து வைத்த ஆட்டம் இத்தனை வருடம் கழித்தும் அப்படியே இருந்தது. கன்ட்ரோலரைத் தரையில் வைத்தோம். வலது பக்கத்திலிருந்து சில்வண்டு கத்துவது போல மெல்லிய ஒரு சத்தம் மட்டும் வந்தது. "மாமா, நகரவே இல்லையே" என்றான்.

அங்கே ஆரம்பித்த வேலை மூன்று வாரம் இழுத்தது. தேவையே இல்லாமல் இரண்டு கன்ட்ரோலர் வாங்கினேன். ரிப்பேர் கூலியையும் சேர்த்தால், அந்தக் காலத்தில் கன்சோலுக்கே நான் கொடுத்த காசைத் தாண்டிவிட்டது. ஒரு விற்பனையாளரிடம் அநியாயமாகச் சண்டை போட்டேன். எல்லாவற்றுக்கும் மேல், ஒரு சின்னக் கோளாறைப் பெரிய கோளாறாக மாற்றியதே நான்தான். இதில் எதை எப்போது பார்க்கவேண்டும் என்று யாராவது முன்கூட்டிச் சொல்லியிருந்தால் ஒரே சாயங்காலத்தில் முடிந்திருக்கும்.

முதலில் அந்தச் சில்வண்டுச் சத்தம். பிளேஸ்டேஷனின் அதிரும் கன்ட்ரோலரான டூயல்ஷாக்கின் இரண்டு கைப்பிடிக்குள்ளும் ஒவ்வொரு மோட்டார் இருக்கிறது. அச்சில் ஒரு பக்கம் மட்டும் கனமான உலோகத் துண்டு மாட்டியிருக்கும். சுற்றும்போது எடை ஒரு பக்கமாக இழுப்பதால் கன்ட்ரோலரே ஆடும். இடது பக்கம் இருப்பது பெரியது. அதன் வேகத்தை கேம் கூட்டலாம், குறைக்கலாம். வெடிச்சத்தத்துக்கும் இடிக்கும் வருகிற அந்தக் கனத்த 'தும்' அதிலிருந்துதான் வரும். வலது பக்கம் சின்னது. அதற்கு ஆன், ஆஃப் இரண்டுதான். ஆகவே கிர்ரென்று மெல்லிய நடுக்கம் மட்டும் வந்தால், சின்ன மோட்டார் நலம், பெரியது ஓடவில்லை என்று அர்த்தம். கன்ட்ரோலரைக் கழற்றாமலே இவ்வளவு தெரிந்துகொள்ளலாம். நான் இதைக் கவனிக்கவில்லை. "வைப்ரேஷன் போச்சு" என்று மொத்தமாக முடிவு கட்டி ஸ்க்ரூ டிரைவரைத் தேடப் போனேன்.

உங்களிடம் அந்தச் சின்ன நடுக்கமும் இல்லையென்றால் ஸ்க்ரூ டிரைவருக்கு முன்னால் பார்க்கவேண்டியது நிறைய இருக்கிறது. கன்ட்ரோலரின் நடுவில் இருக்கும் அனலாக் பட்டனை அழுத்திச் சிவப்பு விளக்கை எரியவிடுங்கள். கேமின் ஆப்ஷன்ஸுக்குள் போய் வைப்ரேஷன் ஆனில் இருக்கிறதா பாருங்கள். சில கேம்கள் அந்த அமைப்பையும் சேர்த்தே மெமரி கார்டில் சேமிக்கும். பத்து வருடத்துக்கு முன் தம்பி ஆஃப் செய்து வைத்தது இன்றைக்கும் ஆஃபாகவே இருக்கும். டூயல்ஷாக் ஜப்பானில் வந்ததே 1997 நவம்பரில்தான். அதற்கு முந்தைய கேம்கள் பெரும்பாலானவற்றில் அதிர்வு என்ற பேச்சே கிடையாது. உறையின் பின்பக்கம் அதிர்வு உண்டு என்று குறி போட்டிருக்கும், பார்த்துவிட்டுக் குறை சொல்லுங்கள். ஆட்டத்தின் நடுவில் கன்ட்ரோலரைப் பிடுங்கி மாட்டியிருந்தால் கன்சோலை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். எக்ஸ்டென்ஷன் கேபிள் மாட்டியிருந்தால் கழற்றிவிட்டு நேராக மாட்டிப் பாருங்கள். மலிவான சில கேபிள்களில் மோட்டாருக்கான ஒயரே இருக்காது.

சரி, என் கதைக்கு வருகிறேன். கழற்றினேன். இடது மோட்டாரின் சிவப்பு ஒயர் சால்டர் விட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. பார்த்ததும் அவ்வளவு சந்தோஷம், இதற்கு மேல் எளிமையான கோளாறு உண்டா என்று. மோட்டார் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க, இரண்டு ஏஏ பேட்டரியைத் தொடராக வைத்து 3 வோல்ட்டை அதன் முனைகளில் காட்டினேன். முதலில் அசையவில்லை. எடைத் துண்டை விரலால் நாலு சுற்று சுற்றிவிட்டு மறுபடி காட்டியதும் துள்ளி ஓடியது. பல வருடம் சும்மா கிடந்த மோட்டாரில் உள்ளே பிரஷ் தொடும் இடம் களிம்பேறிப் போயிருக்கும். ஓடாததையெல்லாம் செத்தது என்று தூக்கிப் போடாதீர்கள். இது வரைக்கும் நான் செய்தது சரிதான். ஒயரைச் சால்டர் வைத்து ஒட்டினேன், மேல் மூடியை வைத்தேன். கொஞ்சம் தூக்கிக்கொண்டு நின்றது. அழுத்திப் பிடித்து ஸ்க்ரூவை முறுக்கினேன். அந்த 'கொஞ்சம் தூக்கிக்கொண்டு' இருந்த இடத்தில்தான் என் மூன்று வாரமும் போனது.

மூடி தானாகப் படியவில்லையென்றால் உள்ளே ஏதோ மாட்டியிருக்கிறது என்று பொருள். தொழிற்சாலையில் அந்த இரண்டு ஒயரையும் மோட்டாரைச் சுற்றி ஒரு ஓரமாக வளைத்து வைத்திருப்பார்கள். கழற்றும்போது ஒரு போட்டோ எடுத்து வைத்திருந்தால் அதே வழியில் திருப்பி வைத்திருப்பேன். நான் வைத்த ஒயர்கள் ஸ்க்ரூ இறங்கும் பிளாஸ்டிக் தூணுக்கும் மூடிக்கும் இடையில் நசுங்கின. இரண்டின் தோலும் பிய்ந்து செம்பும் செம்பும் ஒட்டிக்கொண்டன. மோட்டாருக்குப் போகவேண்டிய மின்சாரத்துக்கு மோட்டாரைத் தொடாமலே போகக் குறுக்குவழி கிடைத்துவிட்டது. இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: கன்சோலைப் போட்டேன், கேமில் ஒரு குண்டு வெடித்தது, கன்ட்ரோலர் அசையவில்லை. அதற்கப்புறம் சில்வண்டும் கத்தவில்லை. பட்டன்கள், கட்டைவிரலால் ஆட்டும் குச்சிகள் எல்லாம் அருமையாக வேலை செய்தன.

பட்டன்கள் வேலை செய்வதுதான் ஆளை ஏமாற்றும். கன்சோல் நன்றாக இருக்கிறது, கன்ட்ரோலர்தான் போச்சு என்று யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. கை ராசியில்லை என்று என்னையே திட்டிக்கொண்டு, பழைய சாமான் விற்கிற ஒருவரிடமிருந்து இன்னொரு டூயல்ஷாக் வாங்கினேன். வந்தது, மாட்டினேன், துளி அதிர்வில்லை. அதிர்வு சோதித்துப் பார்த்ததாக அவர் சொல்லியிருந்தார். நான் பொய் என்றேன். அவர் வீடியோ எடுத்து அனுப்பினார். அது வேறு கன்ட்ரோலராக இருக்கும் என்றேன். பணத்தைத் திருப்பித் தரமாட்டேன் என்று அவர் நின்றதில் ஒரு தப்பும் இல்லை என்று இப்போது தெரிகிறது. அப்போது இரண்டு நாள் கொதித்துக்கொண்டிருந்தேன்.

கொதிப்பில் செய்த அடுத்த வேலை இன்னும் அழகு. வேறொருவரிடம் 'இரண்டு குச்சி உள்ள அனலாக் கன்ட்ரோலர்' என்று போட்டிருந்ததை, படத்தைப் பார்த்ததுமே வாங்கினேன். அதுவும் அதிரவில்லை. கையில் எடுத்ததும் லேசாக இருந்தது, கைப்பிடிகள் கொஞ்சம் நீளம், குச்சிகளின் தலையில் ரப்பர் இல்லாமல் குழிவாக இருந்தது. அனலாக் பட்டனை இரண்டாம் முறை அழுத்தினால் பச்சை விளக்கு எரிந்தது. அடியில் எஸ்சிபிஎச்-1180 என்று எண். டூயல்ஷாக்குக்கு எஸ்சிபிஎச்-1200. டூயல்ஷாக்குக்குச் சில மாதம் முன்னால், 1997-இல், டூயல் அனலாக் என்று ஒன்று வந்தது. ஜப்பானில் விற்றதில் அதிர்வு உண்டு. வெளிநாடுகளுக்கு அனுப்பியதில் அதை எடுத்துவிட்டார்கள். மோட்டாரே இல்லாத கன்ட்ரோலரை வைத்துக்கொண்டு ஒரு முழுச் சாயங்காலம் ஏன் அதிரவில்லை என்று ஆராய்ந்தேன். விற்றவர் அதிரும் என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை, நானாக நினைத்துக்கொண்டேன். பழைய கன்ட்ரோலர் வாங்குகிறவர்கள் தயவுசெய்து அடியில் இருக்கும் எண்ணைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பச்சை விளக்கு எரிந்தால் அது டூயல்ஷாக் இல்லை.

கன்சோலில் கன்ட்ரோலர் செருகும் இடத்துக்குப் போர்ட் என்று பெயர், மொத்தம் இரண்டு. இரண்டாவது போர்ட்டில் மாட்டிப் பார்க்கும் யோசனையைக் கொடுத்ததும் அந்த வில்லன்தான். மாண்டிஸை ஜெயிக்க கன்ட்ரோலரைப் பிடுங்கி இரண்டாவது போர்ட்டில் மாட்டவேண்டும், அப்போதுதான் அவனால் நம் மனசைப் படிக்க முடியாது. அப்படி மாட்டி அவனை அடித்தபோதுதான் உறைத்தது, இங்கேயும் அதிர்வு இல்லையே என்று. ஒரே கன்ட்ரோலர் இரண்டு போர்ட்டிலும், இரண்டு கன்ட்ரோலர் ஒரே கன்சோலிலும் அதிரவில்லையென்றால் சந்தேகம் எங்கே போகவேண்டும்? இந்தக் கேள்வியை நான் கேட்டுக்கொள்ளப் பதினைந்து நாள் ஆனது.

புதிதாக வாங்கிய டூயல்ஷாக்கை எடுத்துக்கொண்டு நண்பன் வீட்டுக்குப் போனேன். அவனிடம் இருந்தது பிளேஸ்டேஷன் 2. பழைய கேம் அதில் ஓடும், கன்ட்ரோலரும் பொருந்தும். போட்டதும் மேசையே அதிர்ந்தது. எனக்கு முகம் சிவந்துவிட்டது. அன்றிரவே அந்த விற்பனையாளருக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். நல்ல மனுஷன், 'பரவாயில்லை, ஃபியூஸைப் பாருங்கள்' என்று பதில் போட்டார். இதில் ஒரு விஷயம், அதிர்ஷ்டத்தால் தப்பித்தேன்: என் பழைய கன்ட்ரோலரையும் எடுத்துப் போயிருந்தால் நண்பனின் கன்சோலுக்கும் இதே கதி ஆகியிருக்கலாம். நீங்கள் திறந்து மூடிய கன்ட்ரோலரை அடுத்தவர் கன்சோலில் மாட்டிச் சோதிக்கவே கூடாது. சோதிக்க எடுத்துப் போகவேண்டியது கைபடாத கன்ட்ரோலர்.

அந்த விற்பனையாளர் ஃபியூஸ் என்றது ஏன் என்று புரிய கன்ட்ரோலர் பிளக்கைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளவேண்டும். அதில் மும்மூன்றாக மூன்று குழு, மொத்தம் 9 பின் (உலோக முனை). ஐந்தாவது பின்னில் சுமார் 3.5 வோல்ட் வருகிறது. பட்டன், குச்சி, விளக்கு எல்லாம் அதில் ஓடும். மூன்றாவது பின்னில் சுமார் 7.5 வோல்ட், அது மோட்டாருக்கு மட்டும். நான்காவது கிரவுண்ட், அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் பொது வழி. 3.5-உம் 7.5-உம் தனித்தனி வழி என்பதால் 7.5 வழி அறுந்தாலும் பட்டன்கள் ஒன்றுமே நடக்காதது போல வேலை செய்யும். வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் இருந்தால் கன்சோலைத் திறக்காமலே இதைப் பார்த்துவிடலாம். எந்தப் பக்கத்திலிருந்து எண்ணுவது என்று குழம்பவேண்டாம். கன்சோலை அணைத்துவிட்டு, மீட்டரைத் தொடர்பு இருந்தால் கத்தும் அமைப்பில் வைத்து, டிவிக்குப் போகும் கேபிளை கன்சோலில் மட்டும் மாட்டி, அதன் மஞ்சள் பிளக்கின் வெளி வளையத்தில் மீட்டரின் ஒரு முனையை வையுங்கள். அந்த வளையம் கிரவுண்ட். போர்ட்டின் நடுக் குழுவில் எந்த ஓரத்துப் பின்னைத் தொட்டால் மீட்டர் கத்துகிறதோ அது நாலாம் பின். அதற்குப் பக்கத்துக் குழுவில் ஒட்டியிருப்பது மூன்றாம் பின். இப்போது கன்சோலைப் போட்டு, மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனை வளையத்திலேயே இருக்க, சிவப்பு முனையால் மூன்றாம் பின்னை மட்டும் தொடுங்கள். கை நடுங்கினால் விட்டுவிடுங்கள். முனை வழுக்கி இரண்டு பின்னைச் சேர்த்துத் தொட்டால் நல்ல ஃபியூஸையும் நீங்களே போக்கிவிடுவீர்கள். எனக்கு ஐந்தாம் பின்னில் வந்தது, மூன்றாம் பின்னில் பூஜ்யம். இரண்டு போர்ட்டிலும் அப்படியே.

கன்சோலை நான் திறக்கவில்லை. இந்த மாடலில் வீட்டு மின்சாரம் நேரே உள்ளிருக்கும் பவர் போர்டுக்கு வருகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதிலுள்ள பெரிய கப்பாசிட்டர் ஆளைத் தூக்கிப் போடும் அளவுக்கு மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கலாம். ஒயரை நசுக்கிய கைக்கு அது வேண்டாம் என்று சர்க்யூட் போர்டு ரிப்பேர் செய்கிற ஒரு அண்ணனிடம் கொடுத்தேன். 7.5 வோல்ட் போர்ட்டுக்குப் போகும் வழியில் அரிசியளவு ஃபியூஸ் ஒன்று, அது போயிருந்தது. முழு 7.5 வோல்ட்டும் போயிருந்தால் சிடியே ஓடாது, கிளை வழி மட்டும்தான் போச்சு என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, "கன்ட்ரோலரை யாரு திறந்தது?" என்றார். தலையைச் சொறிந்தேன். ஃபியூஸ் கிடைக்க நாலு நாள் ஆகும் என்றார். அதுவரை ஒரு ஒயரைக் குறுக்கே போட்டுத் தருவீர்களா என்று நானே கேட்டேன். அவர் முறைத்தார். அடுத்த முறை ஷார்ட் ஆனால் ஃபியூஸுக்குப் பதிலாக போர்டில் மின்சாரம் ஓடும் செம்புத் தடமே எரியும், அதற்கு மருந்தில்லை என்றார். நாலு நாள் காத்திருந்தேன்.

பழைய கன்ட்ரோலரை அவர் முன்னாலேயே திறந்தோம். நசுங்கிய ஒயரைப் பார்த்ததும் எனக்கே கூசியது. மோட்டாரின் இரண்டு முனையிலும் ஓம் மீட்டரை வைத்தால் சுத்தமாகப் பூஜ்யம். நல்ல மோட்டார் என்றால் கொஞ்சம் ஓம் காட்டும், எடையை விரலால் சுற்றினால் அந்த எண் ஆடும். மூடுவதற்கு முன் ஒருமுறை, மூடிய பிறகு ஒருமுறை இதைப் பார்த்துவிட்டு மாட்டியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. மூடிய பிறகு எப்படிப் பார்ப்பது என்று கேட்பீர்கள்: எல்லா ஸ்க்ரூவையும் முறுக்காமல், கையால் மூடியை அழுத்திப் பிடித்தபடி இடுக்கு வழியாக முனையைத் தொட்டுப் பார்க்கலாம். அவர் அப்படித்தான் செய்தார். ஒயரை மாற்றியும் பெரிய மோட்டார் ஓடவில்லை. ஷார்ட்டான அந்த ஒரு நொடியில் அதை ஓட்டும் பகுதியும் போர்டில் போய்விட்டிருந்தது. அதற்குச் செலவழிப்பதில் அர்த்தமில்லை என்று விட்டுவிட்டேன். அது இப்போதும் சில்வண்டாகவே இருக்கிறது.

அவர் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே கேட்டுத் தெரிந்துகொண்டது கொஞ்சம் உண்டு. மோட்டார் சுற்றுகிற சத்தம் நன்றாகக் கேட்கிறது, ஆனால் கையில் ஒன்றும் தெரியவில்லையென்றால் எடைத் துண்டு அச்சில் தளர்ந்து வழுக்குகிறது. கடகடவென்று பிளாஸ்டிக்கில் அடிக்கிற சத்தம் வந்தால் மோட்டார் தன் குழியில் சரியாக உட்காரவில்லை. அதிர்வு வருகிற அதே நொடியில் கன்ட்ரோலர் கழன்றுவிட்டதாக கேம் சொன்னால், கேபிள் கன்ட்ரோலருக்குள் நுழைகிற இடத்தில் ஒயர் பாதி அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். அங்கே பிடித்து வளைத்துப் பார்த்தால் விட்டு விட்டு வரும். கன்சோலைப் போட்டதிலிருந்து நிற்காமல் அதிர்ந்தால் மோட்டாருக்கு மின்சாரத்தை விட்டு நிறுத்துகிற டிரான்சிஸ்டர் ஷார்ட். அதை அப்படியே ஓடவிட்டு விளையாடாதீர்கள், உடனே பிடுங்குங்கள்.

மற்ற கன்சோல்காரர்களுக்கு ஒன்றிரண்டு வார்த்தை. நின்டெண்டோ 64-இன் கன்ட்ரோலரில் செருகும் அதிர்வுக் கருவியான ரம்பிள் பேக் 1997-இல் வந்தது, அது தன் சொந்த இரண்டு ஏஏஏ பேட்டரியில் ஓடுவது. அங்கே முதல் சந்தேகம் பேட்டரி மேல், இரண்டாவது பேட்டரி ஒழுகிப் பச்சை பிடித்த தகடுகள் மேல். நின்டெண்டோவின் கேம்கியூபுக்கு வந்த கம்பியில்லா வேவ்பேர்ட் கன்ட்ரோலரில் அதிர்வே கிடையாது. பிளேஸ்டேஷன் 3-உடன் 2006-இல் வந்த சிக்ஸாக்சிஸ் கன்ட்ரோலரிலும் கிடையாது. என்னைப் போல மோட்டார் இல்லாத பெட்டிக்குள் மோட்டாரைத் தேடாமல் இருக்க இதைச் சொல்கிறேன்.

ஃபியூஸ் போட்டு கன்சோல் வீட்டுக்கு வந்த அன்று அக்கா பையன் ஊருக்குப் போய் ஒரு வாரமாகியிருந்தது. வாங்கிய டூயல்ஷாக்கை முதல் போர்ட்டில் மாட்டி, வழுவழுப்பான தரையில் வைத்து, மறுபடி அந்தக் காட்சிக்குப் போனேன். கன்ட்ரோலர் உறுமிக்கொண்டு ஒரு சாண் தூரம் நகர்ந்தது. வீடியோ எடுத்து அவனுக்கு அனுப்பினேன். ராத்திரி பதில் வந்தது: "மாமா, இவ்ளோதானா?"